மலையடிவாரத்தில் மான் தேடலாம்... துப்பாக்கி இல்லாமல்!

திருவண்ணாமலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தீபமும் கிரிவலமும்தான். அந்த மலையைச் சுற்றியிருக்கும் காட்டில் புள்ளிமான்கள் கூட்டமாக வாழ்கின்றன என்பது, பல முறை மலை சுற்றியவர்களுக்கே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் மானைப் பார்த்ததில்லை. கையெட்டும் தூரத்தில் மான் நிற்கும். நாம் பேசிக்கொண்டே கடந்து போய்விடுவோம்.

இந்தக் கட்டுரைக்கான பொறி ஒரு வீடியோ. கல்லூரியில் படிக்கும் சித்தி மகன், போனில் ஓர் அமெரிக்க யூடியூப் சேனலைக் காட்டினான். முதன்முதலாக வேட்டைக்குப் போகும் இளைஞர்களுக்கான பாடம் அது. எங்கே மான் வரும், எந்த மரத்தில் கொம்பு உரசியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அரை மணி நேரம் சொல்லித் தருகிறார் ஒருவர். அங்கே இதற்கு ‘ஸ்கவுட்டிங்’ என்று பெயர். வேட்டை சீசன் தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே காட்டுக்குப் போய் உளவு பார்ப்பது. “அக்கா, நம்ம திருவண்ணாமலைலதான் மான் இருக்கே, நாமளும் இப்படிப் போலாமா?” என்று கேட்டான்.

பதில், பாதி ‘முடியாது’. பாதி ‘தாராளமாகப் போகலாம்’.

முடியாத பாதி

முதலில் சட்டம். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், ஆரம்பத்தில் உரிமம் வாங்கி வேட்டையாட ஓரளவு இடம் இருந்தது. 1991-ல் செய்த திருத்தம் அந்த உரிமங்களையும் எடுத்துவிட்டது. அதன்பிறகு இந்தியாவில் பொழுதுபோக்குக்காக மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. மனித உயிருக்கு ஆபத்து, தீராத நோய் போன்ற காரணங்களுக்காக, அதுவும் வனத்துறை உயரதிகாரியின் அனுமதியோடு மட்டுமே ஒரு விலங்கைக் கொல்ல முடியும்.

சுடுவது மட்டும்தான் வேட்டை என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணி வைப்பது, பொறி வைத்துப் பிடிப்பது, துரத்துவது, இரை வைத்து இழுப்பது, காயப்படுத்துவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது என எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். மான்கறி வைத்திருப்பதும் குற்றம். காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்துவந்து வீட்டில் மாட்டினாலும் குற்றம்.

பெரிய இடம் என்றால் தப்பிக்கலாமா? 1998-ல் ராஜஸ்தானில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் இரண்டு வெளிமான்களைச் சுட்டதாக நடிகர் சல்மான் கான் மீது வழக்கு. 20 ஆண்டுகள் இழுத்து, 2018 ஏப்ரலில் ஜோத்பூர் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இரண்டு நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். மேல்முறையீடு, விசாரணை என்று அந்த வழக்கு அதன்பிறகும் அவரை விடவில்லை.

போகலாம் என்ற பாதி

வேட்டைக்காரர்களின் பாடத்திலிருந்து துப்பாக்கியைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? மானைப் பற்றிய அறிவு முழுசாக மிஞ்சும். மான் எங்கே மேயும், எங்கே தண்ணீர் குடிக்கும், எங்கே படுக்கும் என்ற மூன்று கேள்விக்கும் விடை தேடுவதுதான் உளவு. சுடுகிறவருக்கும் படம் எடுக்கிறவருக்கும் சும்மா பார்க்கிறவருக்கும் இந்த மூன்று கேள்வியும் ஒன்றுதான்.

தமிழில் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன் (1912 - 1996). காடு காடாக நடந்து, கறுப்பு வெள்ளையில் யானையையும் மானையும் படம் எடுத்தவர். கல்கத்தாவிலிருந்து வந்த ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை, சாகும்வரை 46 ஆண்டுகள் எழுதினார். நின்று, பொறுத்து, பார்த்து எழுதியே ஒரு வாழ்நாளை ஓட்ட முடியும் என்று காட்டியவர்.

திருவண்ணாமலையில் எனக்கு வழிகாட்டியாக வந்தது, அடிவாரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பெரியவர். சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். பிறகு கோடைக்காலங்களில் காட்டுத்தீ அணைக்கும் கூலி வேலைக்குப் போனவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு நிபந்தனையும் வைத்தார்: “காட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாதும்மா. அது ரிசர்வ் பாரஸ்ட்டு. ரோட்டுல இருந்தே பாப்போம். கெடைக்கிறது கெடைக்கட்டும்.”

விபூதி காட்டிய திசை

பௌர்ணமி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. விடியற்காலை 5.30 மணி. ரமணாசிரமத்தைத் தாண்டி, எமலிங்கத்தைத் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதை வலப்பக்கம் திரும்பும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கிரிவலம் மொத்தம் 14 கிலோமீட்டர். அதில் ஊர்ச் சத்தம் குறைந்து, மரங்கள் நெருங்கிவரும் பகுதி இங்கேதான் தொடங்குகிறது. மலை நமக்கும் கிழக்குக்கும் நடுவில் இருப்பதால், இந்தப் பக்கம் வெயில் தாமதமாகத்தான் வரும். ஊரில் விடிந்த பிறகும் இங்கே குளுமை மிச்சம் இருக்கும். மான்களுக்கும் அது பிடிக்கும். அதிகாலையிலும் சாயங்காலத்திலும் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறினால் நிழலில் படுத்து அசைபோடும்.

பெரியவர் முதலில் செய்த காரியம், மடியில் இருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்ததுதான். நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டு, ஒரு சிட்டிகையைக் காற்றில் விட்டார். அது மெல்ல நம் பக்கமாக மிதந்து வந்தது.

“காத்து மலைலேர்ந்து நம்மகிட்ட வருது. நம்ம வாசன அதுக்குப் போவாது. நல்லது” என்றார்.

அமெரிக்க வீடியோவில் அந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் குப்பியை அமுக்கிப் பவுடர் தெளித்தது ஞாபகம் வந்தது. அதே வேலைதான். மானுக்குக் கண்ணைவிட மூக்கும் காதும் பெரிய காவல். அசையாமல் நிற்கும் மனிதரைச் சட்டென்று அடையாளம் காணாத மான்கூட, வாசனை வந்துவிட்டால் நிற்காது. சென்ட் போட்டுக்கொண்டு மான் பார்க்கக் கிளம்பினால் வேலைக்காகாது.

அடுத்து மண். முந்தின நாள் தூறல் விழுந்திருந்ததால் சாலையோர மண் இளகியிருந்தது. இரண்டாகப் பிளந்த குளம்புத் தடம் ஒன்றைக் குச்சியால் காட்டினார். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம். முன்பக்கம் குறுகிக் கூராக முடிந்திருந்தது. பக்கத்திலேயே ஆட்டுத் தடமும் இருந்தது. ஆட்டின் குளம்பு முனை மழுங்கி, இரண்டு பிளவும் கொஞ்சம் விரிந்து பதிந்திருந்தது. “ஆடு ஊர்ல நடக்கறது. மான் ஓடப் பொறந்தது. காலைப் பாத்தாலே தெரியும்” என்றார்.

தடம் எந்தத் திசையில் போகிறதோ அதுவே மான் போன திசை. கூரான முனைதான் முன்பக்கம். குளம்பு இரண்டும் அகலமாக விரிந்து, மண்ணைக் கிளப்பியிருந்தால் அது ஓடியிருக்கிறது. ஏன் ஓடியது என்பது அடுத்த கேள்வி. அந்தத் தடத்துக்குப் பின்னாலேயே நாய்த் தடம் இருந்தால் விடை கிடைத்துவிடும்.

பிறகு புழுக்கை. ஆட்டுப் புழுக்கை மாதிரியேதான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு முனை கூராகவும் மறுமுனை லேசாகக் குழிந்தும் காணப்படும். பளபளப்பும் ஈரமும் இருந்தால் புதுசு. வெளுத்து உலர்ந்திருந்தால் பல நாள் பழசு. ஒரே இடத்தில் புதுசும் பழசும் கலந்து கிடந்தால், மான் அந்த வழியை வாடிக்கையாகப் பயன்படுத்துகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது அடையாளம் மரத்தில். ஆண் மானுக்கு மட்டும்தான் கொம்பு. வருடந்தோறும் அது விழுந்து புதிதாக முளைக்கும். முளைக்கும்போது வெல்வெட் துணி போர்த்தியது போல மெல்லிய தோல் மூடியிருக்கும். கொம்பு முற்றியதும் அந்தத் தோலைச் சின்ன மரங்களில் உரசி உரித்துவிடும். இடுப்பு உயரத்தில் பட்டை உரிந்து நிற்கும் இளமரத்தைப் பார்த்தால், அங்கே ஓர் ஆண் மான் நின்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். பெரியவர் பேசவில்லை. என்னையும் பேச விடவில்லை. இருபது நிமிடம் போயிருக்கும். புதருக்குப் பின்னால் காய்ந்த இலைக் குவியல் என்று நினைத்த இடத்தில் ஒரு காது அசைந்தது. அதன்பிறகுதான் முதுகு தெரிந்தது, புள்ளி தெரிந்தது. ஒன்று, இரண்டு... கடைசியில் நான்கு. மூன்று பெண் மான், ஒரு குட்டி. தலையைத் தூக்கி ஒன்று நம் பக்கம் பார்த்தது. முன்னங்காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது.

“சந்தேகம் வந்துட்டுது” என்றார் பெரியவர் உதடு அசையாமல்.

அந்த நேரம் பார்த்து, பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கூர்மையாக ஒரு குரல். வால்கள் நான்கும் மேலே தூக்கி வெள்ளை தெரிந்தது. அவ்வளவுதான், காடு காலி. படம் எடுக்கக்கூட நேரமில்லை.

மலையும் மானும்

இந்த மண்ணுக்கு மான் புதிதல்ல. சிவபெருமான் திருவுருவத்தில் ஒரு கையில் மழு, ஒரு கையில் மான். சங்க இலக்கியப் பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், இங்கிருந்து மேற்கே இருக்கும் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி சொல்லும் நூல். மலைவழியில் என்ன ஆபத்து, யார் உணவு தருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போகும் அந்தப் பாட்டில் வேட்டையும் வருகிறது, விலங்குகளும் வருகின்றன. காட்டுவழி போகிறவருக்குக் காட்டைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது இந்தப் பகுதியின் பழைய பாடம்.

ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள், பசு லட்சுமியின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகே ஒரு நாய்க்கும், ஒரு காகத்துக்கும், ஒரு மானுக்கும் சமாதிகள் உண்டு. வள்ளி என்பது அந்த மானின் பெயர். ரமணர் காலத்தில் ஆசிரமத்தில் வளர்ந்தது. மனிதர்களுக்குக் கட்டுவதைப் போல ஒரு மானுக்கும் சமாதி கட்டிய ஊர் இது.

ஆனால் மலை எப்போதும் பச்சையாக இருந்ததில்லை. விறகு வெட்டு, மேய்ச்சல், வருடா வருடம் புல்லில் பிடிக்கும் தீ என்று 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலை மொட்டையாகிக் கிடந்தது. 1980-களின் இறுதியில் உள்ளூர்க்காரர்களும், இங்கே வந்து தங்கிய வெளிநாட்டினரும் சேர்ந்து மரம் நடத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியக் காடுகளுக்காகப் போராடிய ஜான் சீட் போன்றவர்களும் கைகொடுத்தார்கள். பின்னர் ‘தி ஃபாரஸ்ட் வே’ போன்ற அமைப்புகள் உள்ளூர் மரக்கன்றுகளை நாற்றங்கால்களில் வளர்த்து நட்டன. கோடைக்கு முன் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டன. தீ பிடித்தால் இரவென்றும் பாராமல் ஏறி அணைத்தார்கள் அடிவாரத்து மக்கள். என்னோடு வந்த பெரியவரும் அவர்களில் ஒருவர்.

“மரம் வந்துது. நெழல் வந்துது. மானும் எறங்கி வந்துது. இப்போ மனுசங்கதான் ஜாஸ்தி” என்றார்.

2015-ல் கிரிவலப் பாதையை அகலப்படுத்தும் வேலை தொடங்கி, ஓரத்து மரங்கள் வெட்டப்பட்டபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு வேலையை நிறுத்தி வைத்தது. சாலை அகலமானால் பக்தர்களுக்கு வசதி. அதே அகலம், சாலையைக் கடக்கும் மானுக்குக் கூடுதலாகச் சில நொடிகள் ஆபத்து. இரண்டு பக்கத்து நியாயத்தையும் வைத்துத்தான் இந்தப் பாதையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

துப்பாக்கி இல்லாத வேட்டை

இன்று இந்த மான்களுக்குத் துப்பாக்கியைவிடப் பெரிய எதிரிகள் மூன்று பேர்: வாகனம், நாய், நம் கையில் இருக்கும் தின்பண்டம்.

கோடையில் மலைக்குள் தண்ணீர் வற்றினால் மான் கீழே இறங்கும், சாலையைத் தாண்டும். அப்போதுதான் வண்டியில் அடிபடும். இல்லையென்றால் தெருநாய்க் கூட்டத்திடம் சிக்கும். நாய் கடிக்காவிட்டாலும் ஆபத்துதான். நீண்ட நேரம் துரத்தப்பட்ட மான், உடம்பில் ஒரு காயமும் இல்லாமலேயே அதிர்ச்சியிலும் தசைச் சிதைவிலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ செத்துப்போகும். ‘தப்பிச்சு ஓடிடுச்சே’ என்று நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம்.

தின்பண்டம் விஷயத்தில் நம்மில் பலருக்குப் பாவ புண்ணியக் குழப்பம் இருக்கிறது. பசித்த வாயில்லா ஜீவனுக்கு பிஸ்கட் போடுவது புண்ணியம்தானே? மான் அசைபோடும் விலங்கு. புல்லையும் இலையையும் நொதிக்க வைத்துச் செரிக்கும் வயிறு அதற்கு. சோறு, பிஸ்கட், பிரெட் போன்ற மாவுப்பொருள் அதிகம் போனால் அந்த வயிற்றில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். பிஸ்கட்டோடு கவரும் உள்ளே போகும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது பலமுறை செய்தியாகியிருக்கிறது. அங்கே வளாகத்துக்குள் சில ஆயிரம் பேர். இங்கே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானவர்கள். ஆளுக்கு ஒரு கவர் விழுந்தால் என்னாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பெரியவர் அழுத்திச் சொன்னார். தாய் மான், பிறந்த குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். குட்டி அசையாமல் தனியாகக் கிடக்கும். ‘ஐயோ, அநாதைக் குட்டி’ என்று தூக்கி வந்துவிடுகிறவர்கள் உண்டு. தூக்கியவுடன்தான் அது அநாதையாகிறது. தொடாமல் விலகி நின்று, வனத்துறைக்குச் சொல்வதே சரி.

இதையெல்லாம் சித்தி மகனிடம் போனில் சொன்னேன். பைக் ஹாரன் கதையைக் கேட்டதும் சிரித்தான். “அப்போ ஹாரன் அடிக்காம வந்தா பாக்கலாமா?” என்றான். வரட்டும். பைக்கை செங்கம் சாலையிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

நீங்களும் போகலாம்

எப்போது: பௌர்ணமி, தீபத் திருவிழா, விடுமுறை நாட்களைத் தவிருங்கள். சாதாரண வார நாளில் விடியற்காலை 5.30 முதல் 7 மணி வரை, அல்லது மாலை 5 மணிக்கு மேல்.

எங்கே: செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதை பிரியும் இடம் தொடங்கி, நிருதி லிங்கம் வரை மெதுவாக நடங்கள். சென்னை, வேலூர், விழுப்புரம், பெங்களூரிலிருந்து பேருந்துகள் உண்டு. விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையிலும் திருவண்ணாமலை வரும்.

எப்படி: மங்கலான நிறத்தில் உடை. வாசனைத் திரவியம் வேண்டாம். பத்தடி நடந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். முழு மானைத் தேடாதீர்கள். ஒரு காது, ஒரு கால், ஆடும் ஒரு வால் என்று துண்டு துண்டாகத் தேடுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. குழந்தைகளுக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுத்து, தேதி, நேரம், இடம், எத்தனை மான், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். நான்கைந்து முறை போனபின் அந்த நோட்டே உங்கள் வரைபடம்.

கூடாதவை: சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. மலையேறவும் அனுமதி வேண்டும். உணவு போடுவது, கத்திக் கூப்பிடுவது, ஃபிளாஷ் அடிப்பது, டிரோன் பறக்கவிடுவது எதுவும் வேண்டாம். மான் நிற்கும் இடத்தை லொகேஷனோடு சமூக வலைதளத்தில் போட வேண்டாம். அதைப் பார்ப்பவர்களில் கண்ணி வைக்கிறவரும் இருக்கலாம். கம்பிச் சுருக்கையோ, அடிபட்ட மானையோ, துரத்தும் நாய்களையோ பார்த்தால் உடனே வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். எண் தெரியாவிட்டால் 112-ஐ அழையுங்கள்.

மான் கண்ணில் படாத நாளும் வரும். அன்றைக்குத் தடம் பாருங்கள், உரிந்த பட்டையைப் பாருங்கள், ஈரப் புழுக்கையைப் பாருங்கள். எமலிங்கத்தில் கும்பிட்டுவிட்டு செங்கம் சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பியதும், போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு ஓர் ஐந்து நிமிடம் மலைப் பக்கமாக நின்று பாருங்கள். அங்கிருந்து ஏதோ ஒன்று ஏற்கெனவே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.